66 பவுண்டு டிக்கெட்: தாத்தாவுக்கும் அதே விலை, பேரனுக்கும் அதே விலை

(இளைஞர் கூட்டத்தில் நமது தோழர் ஆற்றிய உரை. அன்று வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் பதிவிடுகிறோம். நேரம் ஒதுக்கி முழுசா படிங்க, பகிருங்க.)



விளையாட்டும் வியாபாரமும் என்று தலைப்பு கொடுத்திருக்கீங்க. அது கடல் மாதிரி. ஒரு நாள் பூரா பேசலாம். அதனால ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிறேன். கால்பந்து மைதானத்தில் டிக்கெட் விலை. அதிலும் குழந்தைகளுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் கொடுக்கிற சலுகை. ஊர் இங்கிலாந்து. "நமக்கென்ன தோழர் இங்கிலாந்துல டிக்கெட் ஏறினா?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். சிரிங்க. ஆனா அந்தத் தம்பி போட்டிருப்பது மான்செஸ்டர் யுனைடெட் சட்டை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2024 நவம்பர் கடைசி. சீசன் பாதி நடந்துக்கிட்டிருக்கு. மான்செஸ்டர் யுனைடெட் நிர்வாகம் ஒரு அறிவிப்பு விடுது. மீதமிருக்கிற ஆட்டங்களுக்கு, உறுப்பினர்களுக்கு இன்னும் விற்காமல் இருக்கிற டிக்கெட் எல்லாம் இனி 66 பவுண்டு. நம்ம கணக்கில் ஏறத்தாழ 7,000 ரூபாய். குழந்தைக்கும் 66. ஓய்வூதியம் வாங்குகிற பெரியவருக்கும் 66. அதுவரை பெரியவர்களுக்குக் குறைந்தபட்ச விலை 40 பவுண்டு, சிறுவர்களுக்கு 25 பவுண்டு.

ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போறார் என்று வைங்க. முன்னால் 40, 25, 25, மொத்தம் 90 பவுண்டு. இப்போ மூணு 66, 198 பவுண்டு. ஒரே அறிவிப்பில் இரண்டு மடங்குக்கும் மேல. இதில் பஸ் காசு, ரயில் காசு, சாப்பாடு எதுவும் சேரவில்லை. பெரியவர் கணக்கு இன்னும் மோசம். அந்த ஆண்டு பிரிட்டனில் புதிய அரசு ஓய்வூதியம் முழுசா கிடைத்தாலும் வாரத்துக்கு 221 பவுண்டு 20 பென்ஸ்தான். ஒரே ஒரு ஆட்டத்துக்கு அதில் பத்தில் மூணு பங்கு போயிடும். அதே குளிர்காலத்தில்தான் அந்த நாட்டு அரசு பெரும்பாலான ஓய்வூதியக்காரர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை வெட்டியது. வீட்டில் ஹீட்டருக்கும் காசில்லை, மைதானத்திலும் சலுகை இல்லை.

நிர்வாகம் என்ன சொன்னது? இது ரொம்பக் கொஞ்ச டிக்கெட்தான், மொத்தத்தில் 3 சதவீதம் மாதிரி, மத்ததெல்லாம் ஏற்கெனவே வித்தாச்சு என்றது. நஷ்டத்தில் இருக்கிறோம், லீக் விதிகளை மீறாமல் இருக்க வருமானம் வேணும் என்றது. கிளப்பில் கால் பங்குக்கு மேல் வைத்திருக்கிற ஜிம் ராட்கிளிஃப், ரசிகர் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், ஃபுல்ஹாம் ஆட்டத்துக்கு ஆகிற செலவைவிட மான்செஸ்டர் யுனைடெட் டிக்கெட் மலிவாக இருப்பதில் அர்த்தமில்லை என்ற கருத்தைச் சொன்னார். கவனிங்க. அவர் ஒப்பிடுவது இன்னொரு கடையின் விலைப்பட்டியலோடு. வரிசையில் நிற்கிறவர் சம்பளத்தோடு இல்லை.

சரி, நஷ்டம் என்கிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை. 2023-24 நிதியாண்டில் 113 பவுண்டு மில்லியன், அதாவது 11 கோடி பவுண்டுக்கும் மேல் நிகர நஷ்டம். அதே ஆண்டு மொத்த வருமானம் 66 கோடி பவுண்டு. அதுவரையான கிளப் வரலாற்றிலேயே அதிகம். அந்த 66 கோடியில் மைதான வருமானம் சுமார் 13 கோடியே 70 லட்சம். மத்ததெல்லாம் டிவி, விளம்பரம், சட்டை விற்பனை. வரலாறு காணாத வருமானம் வந்தும் ஏன் நஷ்டம்? 2005இல் கிளேசர் குடும்பம் இந்தக் கிளப்பைக் கடன் வாங்கி வாங்கியது. வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. நம்ம ஊரில் ஒருத்தர் உங்க வீட்டை வாங்க வங்கியில் கடன் எடுத்து, தவணையை உங்களையே கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து இருபது வருஷமா வட்டி போயிக்கிட்டே இருக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கு. 2024 ஜூலையில் பயிற்சியாளர் எரிக் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபரில் வேலையை விட்டு நீக்கினார்கள். விளையாட்டு இயக்குநராக டான் ஆஷ்வொர்த்தைக் கொண்டு வந்தார்கள். ஐந்தே மாதத்தில் அனுப்பினார்கள். இந்த இரண்டு முடிவுகளுக்கும் ஆன செலவு, கிளப்பின் சொந்தக் கணக்கறிக்கைப்படி, ஒரு கோடியே 45 லட்சம் பவுண்டு. அதே ஆண்டில் 250 பேர் வேலையைக் குறைத்தார்கள். மேலே எடுத்த முடிவின் தண்டத்தைக் கீழே இருக்கிற ஊழியரும், டிக்கெட் வரிசையில் நிற்கிற பத்து வயசுப் பிள்ளையும் கட்டுறாங்க. இதைப் புரிஞ்சுக்க பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இந்தப் பிரச்சனையில் ரசிகர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்று நினைக்காதீங்க. அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். நமக்குப் பாடம் இருப்பது அதில்தான்.

ஒரு தரப்பு சொல்வது: "ஏன்யா பென்ஷன் வாங்குறவருக்குப் பாதி விலை? அவருக்குச் சொந்த வீடு இருக்கு, கடன் அடைச்சாச்சு. நான் 25 வயசு, சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகுது, நான் முழு விலை கொடுக்கணுமா?" இது வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. அந்த இளைஞன் சொல்கிற வாடகை உண்மை. அவன் வலி உண்மை. ஆனா அவன் கை நீட்டுகிற திசையைப் பாருங்க. பக்கத்து இருக்கையில் இருக்கிற கிழவரைக் காட்டுறான். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்க்கிறவரைக் காட்டவில்லை. பெரியவர் சலுகையை வெட்டினால் அந்தப் பணம் இளைஞனின் டிக்கெட்டில் குறையுமா? டாட்டன்ஹாம் கிளப் 2024 மார்ச்சில் என்ன செய்தது? மூத்தோர் சலுகையைப் படிப்படியாக வெட்டப் போவதாகவும், புதிதாக யாருக்கும் தரப்போவதில்லை என்றும் அறிவித்தது. அதே அறிவிப்பில் எல்லோருக்கும் சீசன் டிக்கெட் விலையை 6 சதவீதம் ஏற்றியது. கிழவரிடம் எடுத்ததை இளைஞனிடம் கொடுக்கவில்லை. இரண்டு பேரிடமும் எடுத்தது.

"சரி, ஏழைப் பெரியவருக்கு மட்டும் கொடுக்கலாமே, பணக்காரப் பெரியவருக்கு எதுக்கு?" என்று இன்னொரு கேள்வி. இது உங்களுக்கு ரொம்பப் பழக்கமான கேள்வி. பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ் வந்தபோது இதே கேள்வியை எத்தனை டீக்கடையில் கேட்டோம்! மைதான வாசலில் வருமானச் சான்றிதழ் கேட்டால் என்ன ஆகும்? வசதி இருக்கிறவர் கணக்குப்பிள்ளையை வைத்துச் சான்றிதழ் வாங்கிடுவார். உண்மையிலேயே இல்லாதவர் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துடுவார். வயசுக்குச் சான்றிதழ் ஒன்று போதும், யாரும் யார் முன்னாலும் கையேந்த வேண்டாம். வயசு வைத்துக் கொடுக்கிற சலுகையின் பெருமையே அதுதான். பணக்காரர் கொஞ்சம் பேருக்கும் போகுதா? போகட்டும். அவர்களிடம் வாங்க வேண்டியதை வரியில் வாங்குங்க.

மூணாவது வாதம், ஏமாத்துறாங்க என்பது. பையன் பேரில் டிக்கெட் எடுத்து அப்பா உள்ளே போறார், தாத்தா சீட்டில் மாமா உட்காருறார். நடக்குது, இல்லை என்று சொல்லலை. அதுக்கு வாசலில் சரிபார்க்கணும், வித்தியாசத்தைக் கட்டச் சொல்லணும். பல கிளப்களில் அந்த ஏற்பாடு இருக்கு. நூறு பேரில் ரெண்டு பேர் ஏமாத்துறான் என்று தொண்ணூத்தெட்டு பேர் சலுகையைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

இதைக் கேட்கும்போது உங்களில் பலருக்கு நம்ம ரயில் ஞாபகம் வரும். 60 வயது ஆன ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயது ஆன பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினாங்க. கொரோனா போனது. ரயில் ஓடுது, கூட்டம் பிதுங்குது. சலுகை திரும்பவில்லை. தற்காலிகம் என்று எடுத்தது நிரந்தரமாவதும், கொஞ்சம் பேருக்குத்தானே என்று ஆரம்பிப்பது எல்லோருக்கும் வருவதும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்குது.

மறுபடி இங்கிலாந்துக்குப் போவோம். குழந்தைச் சலுகை அந்த நாட்டில் யாரோ தர்மம் செய்து வந்தது இல்லை. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில், கோப் என்கிற பெரிய நிற்கும் திடலில், சிறுவர்களுக்கென்று வேலி போட்ட ஒரு மூலை இருந்தது. சில்லறைக் காசில் பிள்ளைகள் உள்ளே போவார்கள். ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது, கூட்டம் வெளியேற வசதியாகக் கதவைத் திறப்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருப் பிள்ளைகள் காசில்லாமல் உள்ளே ஓடுவார்கள். கடைசிக் கால் மணி நேர ஆட்டம் இலவசம். சுழல் கதவுக்கு மேலே பிள்ளையைத் தூக்கி உள்ளே இறக்குகிற அப்பாக்களும் இருந்தார்கள், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த வாசல்காரர்களும் இருந்தார்கள். துறைமுகத் தொழிலாளி பிள்ளையும் ஆலைத் தொழிலாளி பிள்ளையும் அப்படித்தான் அந்த அணிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். வாரிசாக வந்த பழக்கம் அது. இன்று 70 வயதில் இருக்கிறவர் அந்த மூலையில் நின்ற பையன்தான்.

பிறகு 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ. கூட்ட நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிர் இழந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தார். பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றார். கிளப்கள் பிடித்துக்கொண்டது இந்த வரியை. விட்டுவிட்ட வரி ஒன்று உண்டு. இருக்கை போடுவதால் விலை எகிற வேண்டியதில்லை என்றும் அவர் சொன்னார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை உதாரணம் காட்டினார். அங்கே அன்று நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு. விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அந்த 6 பவுண்டு இன்று 20ஐத் தாண்டாது. நாம் பேசிக்கொண்டிருப்பது 66. செத்துப்போன பிள்ளைகள் பேரில் போட்ட இருக்கையில் ஏழை வீட்டுப் பிள்ளை உட்கார முடியவில்லை. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது.

"பணம் இல்லை" என்றும் யாரும் சொல்ல முடியாது. 2025 முதல் நான்கு சீசன்களுக்குப் பிரிட்டனுக்குள் மட்டும் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை 670 கோடி பவுண்டுக்குப் போயிருக்கு. வெளிநாட்டு உரிமை தனி. அதில் நம்ம வீட்டு மாசச் சந்தாவும் இருக்கு, தம்பி! இன்னொன்றும் சொல்லிடுறேன். உள்ளூர்க்காரர் கொடுக்க முடியாவிட்டால் என்ன, வாழ்க்கையில் ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஆசையாக வருகிறவர் கொடுப்பார் என்பதும் கிளப்களின் கணக்கு. அந்த வெளிநாட்டுக்காரர் யாரு? வியாசர்பாடியிலும் தூத்துக்குடியிலும் ராத்திரி கண்முழிச்சு ஆட்டம் பார்க்கிற நாமதான். நம்ம ஆசையைக் காட்டித்தான் அந்தக் கிழவரை எழுப்பி விடுறாங்க.

இதை எதிர்த்து ஜெயிக்க முடியுமா? முடிஞ்சிருக்கு.

2016 பிப்ரவரி 6. ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கும் சண்டர்லேண்டுக்கும் ஆட்டம். அடுத்த சீசனில் புது மேடையில் மிக உயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். லிவர்பூல் 2-0 முன்னிலையில் இருக்கு. 77வது நிமிடம் வந்ததும் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். சொந்த அணி ஜெயிச்சுக்கிட்டிருக்கும்போது! மீதி நேரத்தில் சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டம் 2-2 ஆனது. நாலே நாளில் அமெரிக்க முதலாளிகள் மன்னிப்புக் கேட்டார்கள். 77 போச்சு, உச்ச விலை 59இலேயே நின்றது, இரண்டு சீசனுக்கு விலை ஏற்றமில்லை. அடுத்த மாசமே பிரீமியர் லீக் கிளப்கள் எல்லாம் சேர்ந்து, வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற ரசிகர்களுக்கு 30 பவுண்டுதான் உச்சவரம்பு என்று ஒப்புக்கொண்டன. பல வருஷம் ரசிகர்கள் நடத்திய இயக்கத்தின் பலன் அது.

எழுந்து போன பத்தாயிரம் பேரில் 77 பவுண்டு டிக்கெட் வாங்கப் போகிறவர் எத்தனை பேர்? கைவிட்டு எண்ணிடலாம். அந்த விலை மிகச் சில இருக்கைகளுக்குத்தான். மான்செஸ்டரில் 3 சதவீதம் என்று சொன்ன அதே சமாதானத்தை லிவர்பூலிலும் சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. என் டிக்கெட் ஏறவில்லையே என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதே வாரம் ஜெர்மனியில் டார்ட்முண்ட் ரசிகர்கள் ஸ்டுட்கார்ட் மைதானத்தில் விலையைக் கண்டித்து டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் வீசினார்கள். இவர்களும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. இத்தனைக்கும் ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்கணும் என்பது விதி. டார்ட்முண்டின் தெற்குத் திடலில் இன்றைக்கும் 24,000 பேருக்கு மேல் நின்றுகொண்டே பார்க்கிறார்கள், அதுவும் இங்கிலாந்து விலையில் ஒரு பங்குக்கு.

மான்செஸ்டர் 66 பவுண்டு விவகாரத்திலும் சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பர் 1, எவர்டன் ஆட்டத்துக்கு முன்னால் ஓல்டு டிராஃபோர்டு வாசலில் போராட்டம். அன்றைக்கு அணி 4-0 ஜெயித்தது, ஆனாலும் கோபம் அடங்கவில்லை. 2025 ஜனவரி 5 அன்று ஆன்ஃபீல்டு வாசலில் லிவர்பூல் ரசிகர்களும் மான்செஸ்டர் ரசிகர்களும் ஒன்றாக நின்று கோஷம் போட்டார்கள். இந்த இரண்டு கூட்டமும் நம்ம ஊர் எந்தப் பங்காளிச் சண்டையையும் மிஞ்சிய எதிரிகள். ஒரே பேனரைப் பிடித்தார்கள். டாட்டன்ஹாமில் 65 வயதைக் குறிக்க 65வது நிமிடத்தில் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். திரும்பி நின்றவர்களில் இருபது வயசுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெஸ்ட் ஹாம் கதை தனி. அந்த மைதானம் ஒலிம்பிக்குக்காக மக்கள் வரிப்பணத்தில் கட்டியது, கிளப் வெறும் 99 வருஷ வாடகைக்காரர். மக்கள் காசில் கட்டிய இடத்தில் மக்களின் பிள்ளைகளுக்குப் பல பகுதிகளில் சலுகையை எடுத்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. அடுத்த சீசனுக்குச் சலுகையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

2025 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் அடுத்த சீசன் டிக்கெட் விலையை 5 சதவீதம் ஏற்றியது. ஆனா 16 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஏற்றவில்லை. போராடாமல் அது வந்திருக்குமா என்பதை நீங்களே யோசிங்க. லிவர்பூல் அந்த ஆண்டு விலையை ஏற்றவே இல்லை. முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் பிரிட்டனில் கால்பந்துக்கென்று ஒரு சட்டமே வந்தது, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பும் வந்தது. டிக்கெட் விலை பற்றி ரசிகர்களிடம் கலந்து பேசணும் என்கிறது சட்டம். விலைக்கு உச்சவரம்பு வைக்கிற அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. கலந்து பேசுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? கருத்துக் கேட்புக் கூட்டம் எத்தனை பார்த்திருப்போம். மைக்கைக் கொடுப்பார்கள், குறிப்பு எடுப்பார்கள், முடிவு முன்னாடியே எடுத்திருப்பார்கள்.

அதனால்தான் அங்கே ரசிகர் அமைப்புகள் இப்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுது: குழந்தை, இளைஞர், முதியோர் மூணு பேருக்கும் சலுகை எல்லாக் கிளப்பிலும் இருக்கணும், ஒருத்தர் பங்கை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கிற கதை வேண்டாம். வாடகை கட்டுகிற அந்த 25 வயசு இளைஞனுக்கும் இதில் இடம் இருக்கு. கிழவரின் இருக்கை காலியானால் அது அவனுக்கு வரப்போவதில்லை. விருந்தினர் பெட்டியோடு சேர்த்து வேறு யாருக்கோ விற்பார்கள். அவனுக்கும் இது புரிய ஆரம்பிச்சிருக்கு.

என் நேரம் முடிஞ்சுபோச்சு, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பி ரொம்ப நேரமா கை தூக்கிக்கிட்டிருக்கார். முதல் கேள்வி அவருக்கு. கேளுங்க தம்பி.